கோமதியின் வாயில் ஒரு புதுச் சொல்

நாக்பூரைத் தாண்டி ஒரு டாபாவின் முன்னால், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்காரி கோமதிக்குப் போன் போட்டேன். சாயங்கால நேரம். அடுப்பில் பருப்புக்குச் சீரகம் பொரிகிற வாசம். லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் கோவில்பட்டித் தீப்பெட்டி பண்டல்கள். அடுத்த கட்டிலில் சுடலைமுத்து அண்ணாச்சி கால் நீட்டிப் படுத்திருந்தார். என்னோடு மாற்றி மாற்றி வண்டி ஓட்டுகிறவர்.

"ஏட்டி, ஒரு முடிவு எடுத்திருக்கேன்" என்றேன்.

"என்னது?"

"இந்த லோடை இறக்கிட்டு ஊருக்கு வந்தா, வந்ததுதான். இனிமே லாரி கிடையாது. பிள்ளையவும் கட்டிக் குடுத்தாச்சு. நீயும் ஒத்தையில கிடக்க. நான் வீட்டோட வந்துருதேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான். அழுவாள் என்று நினைத்தேன். அழாவிட்டாலும் "நெசமாவா சொல்லுதீங்க?" என்றாவது கேட்பாள் என்று காத்திருந்தேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து வைக்கிற ஓசை மட்டும் கேட்டது. பிறகு கோமதி வாய் திறந்தாள்.

"ஆக்சுவலா..."

அவ்வளவுதான். டவர் போய்விட்டது.

திரும்பத் திரும்பப் போட்டேன். கிடைக்கவில்லை. கட்டிலில் வைத்த ரொட்டி ஆறிப் போனது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்பதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவே இல்லை. என் மண்டைக்குள் நின்றது அந்தச் சொல்தான். அது கோமதியின் சொல் இல்லை. அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டு வந்த சொல் இல்லை, நான் கொடுத்த சொல்லும் இல்லை. யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் லைன் கிடைத்தது. "வேலைக்குக் கெளம்பிட்டேன். நேர்ல வாங்க, பேசிக்கிடுவோம்" என்று வைத்துவிட்டாள்.

சொல் ஒட்டுகிற விதம்

எட்டாங்கிளாசைப் பாதியில் விட்டவன் நான். குளத்தூர் பக்கம் உப்பளத்தில் உப்பு வாரியது, மணியாச்சி சந்திப்பில் ரயிலோடு ஓடி டீ விற்றது, போர்வெல் வண்டியோடு தெலுங்கு தேசமெல்லாம் சுற்றியது, கடைசியில் லாரிக்கு வந்தது பற்றியெல்லாம் இந்தத் தொடரில் முந்தைய வாரங்களில் சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும்: ஒரு இடத்தில் நிற்காத கால் எனக்கு.

அப்படிச் சுற்றியவனுக்குப் பள்ளிக்கூடம் சொல்லித் தராத ஒரு விஷயம் தெரியும். சொல் என்பது சிரங்கு மாதிரி. பக்கத்தில் இருந்தால் ஒட்டும்.

ஒரு சொல்லை ஊரெல்லாம் சொல்லக் கேட்கலாம். காதோடு போய்விடும். ஆனால் ஒரே ஆளோடு தினமும் உட்கார்ந்து பேசி, அவர் சிரித்தால் நாமும் சிரித்து, அவர் எப்போது வாயைத் திறப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தால், அவருடைய சொல் நம் வாய்க்குள் வந்து குடியேறிவிடும். எப்போது வந்தது என்று நமக்கே தெரியாது. போர்வெல் வண்டி மேஸ்திரியோடு இருந்தபோது நான் மூச்சுக்கு மூச்சு "சூடு சூடு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். தெலுங்கில் அதற்குப் பார் என்று அர்த்தம். ஊருக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் எல்லோரையும் "சூடு" என்று கூப்பிட, என் மாமனார் நான் காப்பியைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கோமதிக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஒருதடவை வடக்கே போய்விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவன், "அரே, குழம்புல உப்பு இல்ல" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"எது?"

"அரே."

"டாபால ரொட்டி சுடுத ஆளு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"மீசை வச்சிருக்காரு."

"மீசை வச்சிருந்தா சரி" என்று உப்பு டப்பாவைத் தள்ளினாள்.

அப்போது இரண்டு பேரும் சிரித்தோம். நாக்பூர் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சிரிப்பு என் ஞாபகத்துக்கு வந்தது. இந்தத் தடவை மீசையைப் பற்றி நான் கேட்க வேண்டும்.

சுடலைமுத்து அண்ணாச்சியின் அகராதி

அன்றைக்கு ராத்திரி டாபாவிலிருந்து வண்டி கிளம்பியதும் ஸ்டியரிங் அவர் கையில். நான் கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணாச்சி, ஆக்சுவலான்னா என்ன?"

"எதுக்குலே இப்ப?"

"சும்மாதான்."

"பெரிய எடத்துச் சொல்லுல்லா அது." தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்கு இப்படிக் கேட்டால் பிடிக்கும். "ஆஸ்பத்திரியில டாக்டர் வெளிய வந்து கண்ணாடியக் கழட்டிக்கிட்டு ‘ஆக்சுவலா’ன்னு ஆரம்பிச்சா, ஊருக்குச் சேதி சொல்ல ஆளனுப்பிரலாம். பொண்ணு பாத்துட்டுப் போனவன் போன் போட்டு ‘ஆக்சுவலா பையன் இன்னும் மேல படிக்கப் பிரியப்படுதான்’னா, உம் பொண்ணப் பிடிக்கலன்னு அர்த்தம். டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல ‘ஆக்சுவலா லோடு ரெடியாத்தான் இருக்கு’ன்னா, பாயை விரிச்சுப் படுத்துக்கிட வேண்டியதுதான்."

"அப்ப எல்லாம் கெட்ட சேதிக்குத்தானா?"

"நல்ல சேதிக்கு எதுக்குலே முன்னால ஆளு விடணும்? அது தானா ஓடி வந்துரும்லா."

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

"யாரு சொன்னா உங்கிட்ட?" என்றார்.

"வீட்ல."

அண்ணாச்சி தேவையே இல்லாமல் ஹாரனை ஒரு இழுப்பு இழுத்தார். "பொண்டாட்டி சொல்லுதாளா? ஏலே மாடசாமி, ஒன்ன விடப் படிச்சவன் ஒருத்தன் அங்கன பேசிட்டு இருக்கான்லே!"

விளையாட்டுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு அரை மணி நேரம் சிரித்தார். எனக்கு மட்டும் ஜபல்பூர் வரைக்கும் ரோடு தெரியவில்லை.

முகம் தெரியாத ஒருவனை வெறுப்பது லேசான காரியம் இல்லை. கைக்குப் பிடிமானம் வேண்டும். அதனால் நானே அவனுக்கு ஒரு முகம் செய்து கொடுத்தேன். மழித்த முகம். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. செருப்புப் போடமாட்டான், ஷூதான். லாரியைப் பார்த்தால் மூக்கைச் சுளிப்பான். ஒவ்வொரு டோல்கேட்டிலும் அவனுக்கு ஒன்று சேர்த்துக்கொண்டே வந்தேன். லோடை இறக்கிவிட்டுத் திரும்பி ஐதராபாத் வரும்போது வாசனைத் தைலம்கூடப் பூசியிருந்தான்.

மீன்குழம்பும் பிரபாகர் சாரும்

திரும்புகாலுக்குக் கிடைத்த லோடை மதுரையில் இறக்கிவிட்டு, வண்டியை அண்ணாச்சியிடம் விட்டுவிட்டு நான் பஸ் ஏறினேன். புரட்டாசி வெயில். சாத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடக்கிற சமயம் அது. எங்கள் ஊர் கழுகுமலை ரோட்டில் இருக்கிறது. நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்க வேண்டும்.

கோமதி எப்போதும்போலத்தான் இருந்தாள். சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னைக்குப் போன்ல நான் சொல்ல வந்தது..."

"களைப்பா இருக்கு. பெறகு பேசுவோம்" என்றேன்.

கேட்டால் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான். அவளாகச் சொல்வதற்கு முன்னால் நானே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. ஆளைத் தெரிந்துகொண்டு பேச்சைக் கேட்பது வேறு, தெரியாமல் கேட்பது வேறு இல்லையா?

அவள் கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மகள் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்தது. பாக்கெட் போடுகிற வேலை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாப்பாட்டின்போது சொன்னாள், இப்போது போனில் ஆர்டர் எடுக்கிற வேலையாம். வெளியூர்க்காரர்கள் போனில் கேட்பார்கள், இவள் எழுதிக்கொண்டு பார்சல் அனுப்பச் சொல்ல வேண்டும்.

"யாரு மாத்திவிட்டா?"

"பிரபாகர் சார்தான். மேனேஜர். எங் குரலு நல்லாருக்குன்னாவ."

எடுத்த மீன் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

குரல் நன்றாக இருக்கிறது! இத்தனை வருஷம் அந்தக் குரலை நான் லாரிச் சத்தத்துக்கு மேலே கத்தி வாங்கியிருக்கிறேன். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒருவன் உட்கார்ந்து கேட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறான்.

ஊரே சொல்கிறது

மறுநாள் அவள் பஸ்ஸைப் பிடித்துப் போன பிறகு பார்த்தால், சாப்பாட்டு டப்பா அடுப்புமேட்டிலேயே இருந்தது. மறந்துவிட்டாள். எனக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

போகிற வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு போனேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

நிறுத்தத்து டீக்கடைக்காரர், "ஆக்சுவலா பால் இன்னும் வரல, கடுங்காப்பி தரட்டா?" என்றார். மினிபஸ் கண்டக்டர், "ஆக்சுவலா இந்த எடத்துல வண்டி நிக்காது, ஒங்களுக்காக நிறுத்துதேன், சீக்கிரம் ஏறுங்க" என்றார். எனக்கு முன்சீட்டில் ஒரு ஆட்டு வியாபாரி, காதில் போனை வைத்துக்கொண்டு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஆக்சுவலா கெடா நல்ல கெடாதான் மாப்ள, மழையில்லாம மெலிஞ்சு தெரியுது" என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்.

நான் லாரியில் போய்வந்துகொண்டிருந்த காலத்துக்குள் இந்தச் சொல் எங்கள் ஊருக்கு வந்து, எல்லோர் வீட்டிலும் நுழைந்து, பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

வேறு ஒருவனாக இருந்தால் இதைக் கேட்டு நிம்மதி அடைந்திருப்பான். ஊரே சொல்கிறது, அவளும் சொல்கிறாள் என்று வீட்டுக்குத் திரும்பியிருப்பான். பொறாமை பிடித்தவனுக்கு அப்படித் தோன்றாது. எனக்குச் சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் பெருகிவிட்டார்கள், அவ்வளவுதான். டீக்கடைக்காரரைக்கூட இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவருக்கு மீசை இருந்தது.

அட்டைப்பெட்டிக்கு அந்தப் பக்கம்

கம்பெனிக்குள் நுழையும்போதே வெல்லப்பாகு வாசம். வறுத்த கடலையை ஒரு பக்கம் தோல் நீக்கிக்கொண்டிருந்தார்கள். சூடான பாகில் கடலையைக் கொட்டிக் கிளறி, மரச்சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர் எழுந்து நின்றார். மழித்த முகம்தான். ஆனால் சட்டையில் பாகு ஒட்டியிருந்தது. காலில் ரப்பர் செருப்பு.

"வாங்கண்ணே. நீங்க... அது வந்து... கோமதி அக்கா வீட்டுக்காரரா?"

"ஆமா. நீங்கதான் பிரபாகர் சாரா?"

"ஆமாண்ணே. அக்கா ஒங்களப் பத்திச் சொல்லியிருக்காவ."

"என்ன சொல்லியிருக்கா?"

"அது வந்து... லாரி ஓட்டுதாவன்னு சொன்னாவ."

மீதியைச் சொல்லட்டும் என்று நின்றேன். மீதி இல்லை. அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள்.

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். மழை, டீசல், வடக்கே தீப்பெட்டி போகிறதா என்று பேச்சை இழுத்து இழுத்து அவர் வாயைப் பிடுங்கினேன். அந்த மனிதர் ஒரு தடவைகூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் "அது வந்துண்ணே", முடித்தால் "அது வந்துண்ணே". ஜபல்பூரிலிருந்து நான் சுமந்து வந்த வாசனைத் தைலக்காரன் என் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் அடுக்கிவைத்த அட்டைப்பெட்டிகளுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"சொல்லுங்க மேடம்... ஆமா மேடம்... ஆக்சுவலா பார்சல் நேத்தே போட்டாச்சு, இன்னைக்குச் சாயங்காலம் கைக்கு வந்துரும்."

கோமதிதான். ஆனால் வீட்டில் நான் கேட்கிற கோமதி இல்லை. அடுத்த போன்.

"இளகிப்போச்சா சார்? ஆக்சுவலா நீங்க கோவப்படுததுல தப்பே இல்ல. ஆனா வெல்லம்லா சார், வெயில்ல இளகத்தான் செய்யும். நீங்க கோவிச்சா இன்னும் இளகிரும்."

அந்தப் பக்கம் யாரோ சிரித்திருக்க வேண்டும். இவளும் சிரித்தாள். கடலையைக் கொட்டினாற்போல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் கல்யாணமான புதிதில் கேட்டிருப்பேனோ என்னவோ. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்தது. "எது நல்லாருக்கும்னு எங்கிட்ட கேக்குதீங்களா மேடம்? எல்லாரும் வெறும் கடலைமிட்டாய்தான் வாங்குவாவ. ஆக்சுவலா எனக்குப் பிடிச்சது சுக்குப் போட்டதுதான்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோமதிக்குச் சுக்குப் போட்டது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஊருக்கு வரும்போதெல்லாம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வெறும் கடலைமிட்டாய் பாக்கெட்தான் வாங்கிப் போவேன். நன்றாக இருக்கிறது என்பாள். திருச்சியோ, திருப்பூரோ, எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத ஒரு பொம்பளைக்கு அது ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

"அக்கா எடுத்தா ஆர்டர் தப்பாதுண்ணே" என்றார் பிரபாகர், பெருமையாக. "சில பேரு... அது வந்து... ஆர்டர் போட்டு முடிச்ச பெறகும் சும்மா பேசிட்டு இருப்பாவ."

டப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். ஒருவன்மீது பொறாமைப்பட வந்தவனுக்கு ஊர் உலகமெல்லாம் பொறாமைப்பட ஆள் கிடைத்துவிட்டது.

வந்து

சாயங்காலம் அவள் வேலை முடிந்து வரும் வரைக்கும் எதிரில் இருந்த புளியமரத்தடியில் நின்றேன். வேறு என்ன வேலை எனக்கு? யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆக்சுவலாவுக்குத் தமிழில் என்ன? புத்தகத்தில் உண்மையில் என்று போட்டிருப்பார்கள். வாயால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "நெசமா" என்றால் சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கிறது, சாட்சி கேட்பார்கள். "சொல்லப்போனா" என்பது கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் அதைச் சொல்கிறவர் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகச் சொல்வார். வீட்டுப் பெண்களுக்குச் சாய்ந்து உட்கார எங்கே நேரம்?

கோமதி அந்த இடத்தில் முன்பெல்லாம் என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வந்துவிட்டது. மேனேஜர் சொல்கிற அதே சொல்தான்.

"அது வந்து... இந்தப் பொங்கலுக்காவது வருவீங்களா?" "அது வந்து... பிள்ளைக்கு ஸ்கூல்ல கூட்டம், அப்பாவும் வரணுங்காவ." "அது வந்து... எனக்கு ஒரு யோசனை."

அந்த "வந்து" இருக்கிறதே, அது வாசலில் நின்று கதவைத் தட்டுகிற சொல். உள்ளே வரலாமா என்று கேட்கிற சொல். திறக்காமலேயே பதில் சொல்லிவிடலாம். "லோடு இருக்குட்டி, முடியாது" என்று நான் சொல்லிவிடுவேன். அவள் யோசனை என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆக்சுவலா தட்டுவதில்லை. உள்ளே வந்து நின்றுவிடுகிறது. அதைச் சொன்ன பிறகு எதிரே இருக்கிறவர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார். நீ இதுவரைக்கும் நினைத்தது ஒன்று, இருப்பது வேறு, இப்போது சொல்லப்போகிறேன், கேள். டாக்டருக்கும் அது அதற்குத்தான், ஆட்டு வியாபாரிக்கும் அதற்குத்தான்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு அறிவு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எரிச்சல்தான் கூடியது. என்னிடம் தலை குனிந்து "வந்து, வந்து" என்று நின்றவளை யாரோ இப்படி நிமிர வைத்திருக்கிறார்கள். அது ஏன் நானாக இல்லை?

மீதி வாக்கியம்

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். நிறுத்தத்தில் இறங்கி, விதைத்துக் கிடந்த புஞ்சைகளுக்கு நடுவே வண்டிப்பாதையில் நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால்.

"ஏட்டி, எவன்ட்ட படிச்ச அந்தச் சொல்ல?" என்றேன்.

"எந்தச் சொல்ல?"

"ஆக்சுவலா."

நின்றாள். திரும்பினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுக்குத்தான் மீன்குழம்பக்கூட உறிஞ்சித் திங்காம மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்களா? நான் உப்புக் கூடிப் போச்சோன்னுல்லா நெனச்சேன்."

"யாருன்னு சொல்லு."

"யாருன்னு சொல்ல? மதுரைல ஒரு டீச்சரம்மா சொல்லுவாவ. ஓசூர்ல ஒரு சார் சொல்லுவாரு. மெட்ராஸ்காரவிய எல்லாருமே சொல்லுவாவ. ஒட்டிக்கிட்டு."

"ஓசூர்க்காரன் யாரு?"

"எனக்கென்ன தெரியும்? எள்ளுமிட்டாய் கேப்பாரு."

"அவன்ட்ட நீ..."

"இருங்க." கையைக் காட்டி நிறுத்தினாள். பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. "அந்தச் சொல்லு எங்கயிருந்து வந்துச்சுன்னு கேக்குதீங்க. அதுக்கு அடுத்தாப்புல நான் என்ன சொல்ல வந்தேன்னு கேட்டீங்களா? நேத்து சொல்ல வந்தாலும் களைப்பா இருக்குங்கீங்க."

அவள் சொல்வது சரிதான். நாக்பூரிலிருந்து கழுகுமலை ரோடு வரைக்கும் நான் அதைக் கேட்கவே இல்லை.

"என்ன சொல்ல வந்த?"

அவள் தலையைக் குனியவில்லை.

"ஆக்சுவலா, நீங்க ஒரேயடியா வந்துர வேண்டாம்னு சொல்ல வந்தேன்."

வெடித்துக் கிடந்த கரிசலில் ஒரு காடை பறந்து போனது. அதைப் பார்த்துக்கொண்டே, "அப்ப ஆளு இருக்கான்" என்றேன்.

"இருந்தா ஒங்களுக்கு நல்லாருக்கும் போல. போயிச் சட்டையப் பிடிக்கலாம். ஒருத்தரும் இல்ல. நான்தான் இருக்கேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க வருவீங்க வருவீங்கன்னு வாசலப் பாத்துக்கிட்டு இருந்த காலம் ஒண்ணு இருந்துச்சு. அது முடிஞ்சு போச்சு. எப்ப முடிஞ்சுதுன்னு எனக்கே தெரியல. இப்ப காலைல எந்திரிக்கேன், பஸ்ஸப் பிடிக்கேன், பேசுதேன், சிரிக்கேன், வாரேன். ஒரு தோசை ஊத்துதேன். அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து திங்கேன். நல்லாருக்கு."

"அதுல நான் வந்தா என்ன?"

"நீங்க வந்தா நேரத்துக்குச் சோறு. போன்ல யாருன்னு கேள்வி. இந்தா, இப்பமே கேக்குதீங்கள்லா."



"என்னைய வர வேண்டாங்கியா, கோமதி?" பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அது எப்போதாவதுதான் நடக்கும்.

"ஒரேயடியா வர வேண்டாம்ங்கேன். கொஞ்சங் கொஞ்சமா வாங்க. பழகுவோம்."

திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒருவன் இருந்திருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். டாபாக்களிலும் லாரி ஷெட்டுகளிலும் அந்த மாதிரிக் கதைகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அடித்தவன் உண்டு, அழுதவன் உண்டு, விட்டுவிட்டுப் போனவன் உண்டு. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகத் தின்கிற ஒரு தோசையின்மீது பொறாமைப்பட்டவன் கதையை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தத் தோசை என்னைத் தூங்கவிடவில்லை.

கொஞ்சங் கொஞ்சமாக

இப்போது நான் வடக்கே போவதில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் கோவில்பட்டிக்கும் ஓடுகிற வண்டி. ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டில் இருப்பேன். சுடலைமுத்து அண்ணாச்சிக்கு இது பிடிக்கவே இல்லை. "நீ என்னலே, சொந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரிப் போய்ட்டு வார" என்றார். ஆமாம், அப்படித்தான் என்றேன்.

தோசை ஊற்றப் பழகியிருக்கிறேன். என்னுடையது வட்டமாக வருவதில்லை. கோமதி ஒன்றும் சொல்வதில்லை, தின்றுவிடுகிறாள்.

தீபாவளி நெருங்கினால் ஆர்டர் கூடிவிடும். கம்பெனிப் போனை வீட்டுக்கே கொடுத்துவிடுகிறார்கள். அது அடித்ததும் அவள் குரல் மாறுவதை நான் உள்ளே இருந்து கேட்பேன். ஒவ்வொரு தடவையும் அடிவயிற்றில் தீக்குச்சி உரசுகிறது. பழகிவிடும் என்கிறார்கள். இதுவரைக்கும் பழகவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அப்படித்தான் போன் வந்தது. அவள் வாசல்பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தேன்.

"ஒரு நிமிசம் சார்... ஐயோ, இங்க மழை விழுந்துட்டு சார்! இப்பத்தான். மொத மழை. வெதச்சுப் போட்டுட்டு ஊரே காத்துக் கிடந்துச்சு சார். மண்ணு என்னமா மணக்கு! போன்ல வருதா சார்?"

எழுந்து உட்கார்ந்தேன். இந்த வருஷத்து முதல் மழை எங்கள் ஊரில் விழுகிறது என்பதை நான் தெரிந்துகொண்டது இப்படித்தான், அவள் இன்னொருவருக்குச் சொன்னதிலிருந்து. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறேன். அந்த மணத்தை அவள் முதலில் அனுப்பிவைத்தது எந்த ஊருக்கோ.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மாடில மிளகா காயுது! ஓடுங்க!"

ஓடினேன். மிளகாயைச் சாக்கோடு இழுத்துக் குவித்தேன். முதல் மழைக்கே உரிய பெரிய பெரிய சொட்டுகள், சூடான தரையில் விழுந்து ஆவியாகப் பறந்தன. காந்தலில் கண்ணெல்லாம் எரிந்தது. கீழே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. படியில் காலடி ஓசை.

மேலே வந்து சாக்கின் அந்த முனையைப் பிடித்தாள். யார் அது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சாக்கைத் தூக்கினேன். இரண்டு பேருமாகப் படியில் இறங்கினோம். பாதிப் படியில் அவளாகவே சொன்னாள்.

"அவிய ஊர்ல இன்னும் மழையே இல்லியாம்."

"பாவம்" என்றேன்.

எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.